பசிபிக் குளிர்நாக்கு: காரணம் கலப்பா, காற்றா?

கடலையும் வளிமண்டலத்தையும் சேர்த்துக் கணிக்கும் இணைப்பு மாதிரியில் நிலநடுக்கோட்டுப் பசிபிக்கின் மேற்பரப்பு அவதானிப்பைவிட 1.5 டிகிரி குளிர்ச்சியாக வருகிறது. குளிர்நாக்கு, அதாவது கிழக்கிலிருந்து நிலநடுக்கோட்டை ஒட்டி நீளும் குளிர்நீர்ப் பட்டை, 180 பாகைத் தீர்க்கரேகையைத் தாண்டி மேற்கே நீள்கிறது, மழையும் அதோடு ஒதுங்கிவிடுகிறது. பிழை இரண்டாம் ஆண்டுக்குள் முழுதாக வளர்ந்துவிடும். ஜூலை முதல் நவம்பர் வரை மோசம்.

இதன் கடல் பகுதி மாம்6 (MOM6) என்ற கடல் மாதிரி, 1 டிகிரி கட்டம், நிலநடுக்கோட்டருகே வடக்கு-தெற்காக மூன்றில் ஒரு டிகிரி. மேல்நீரும் கீழ்நீரும் கலக்கும் செங்குத்துக் கலப்பைக் கணக்கிட கேபிபி (KPP) என்ற முறை.

பின்னணிக் கலப்புக் கெழுவை நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் 10⁻⁵ இலிருந்து 10⁻⁶ ச.மீ/வி ஆகக் குறைத்தேன். தெர்மோக்ளைன் (ஆழத்தோடு வெப்பநிலை வேகமாகக் குறையும் அடுக்கு) கூர்மையானது, மேற்பரப்பு அசையவில்லை. கேபிபியில், நீரோட்ட வேக வேறுபாட்டால் வரும் உள்கலப்பின் உச்சத்தை 50×10⁻⁴ இலிருந்து பாதியாக்கியதும் முதலில் வெப்பம் ஏறியது. பிறகு 140 பாகை மேற்கில் கீழ்நீரோட்டம் (மேற்பரப்புக்குக் கீழே கிழக்கு நோக்கி ஓடுவது) வேகமெடுத்து, ரிச்சர்ட்சன் எண் (அடுக்குகளின் நிலைப்புக்கும் வேக வேறுபாட்டுக்கும் உள்ள விகிதம், குறைந்தால் கலப்பு கூடும்) சரிந்து, கலப்பு பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. பகல்-இரவுச் சுழற்சிக்காக மாதிரியின் மேலடுக்குத் தடிமனை 10 மீட்டரிலிருந்து 1 மீட்டராக்கி, கடலும் வளிமண்டலமும் தகவல் பரிமாறும் இணைப்பு இடைவெளியையும் ஒரு மணி நேரமாக்கினேன், சிறிதளவே பலன்.

கடலை மட்டும் ஓட்டினால் பிழை பாதிக்கும் கீழ். ஆனால் அங்கே கொடுக்கப்பட்ட காற்று வெப்பநிலையே மேற்பரப்பை இழுத்துப் பிடிப்பதால் அதை நம்ப முடியவில்லை. இணைப்பில் தடக்காற்றும் (கிழக்கிலிருந்து வீசும் நிலையான காற்று) அதிக வலுவாக இருக்கிறது. அது குளிர்ச்சியின் விளைவாகவும் இருக்கலாம்.

கலப்பின் பங்கையும் காற்றின் பங்கையும் பிரித்தறிய, இணைப்பு மாதிரியில் காற்று கடல்மேல் செலுத்தும் இழுவிசையை மட்டும் அவதானிப்பால் மாற்றி ஓட்டுவதா, அவதானித்த கடல்நிலையிலிருந்து தொடங்கி முதல் சில வாரங்களின் வெப்பக் கணக்கைப் பார்ப்பதா, எது நம்பகமானது?