ஷாங்காய்: செயின் நழுவுகிறது, உதவி தேவை

ஷாங்காயில் ஓட்டும் என் மடிப்பு சைக்கிளில் செயின் நழுவுகிறது. 20 அங்குலச் சக்கரம், 7 கியர், பழையதாக வாங்கியது. மூன்று வாரமாக இந்தத் தொல்லை. சமதளத்தில் சரி. சூச்சோ ஆற்றுப் பாலங்களில் ஏறும்போது 4, 5-ஆவது கியரில் அழுத்தி மிதித்தால் 'டக்'கென்று தாண்டுகிறது, கால் வழுக்குகிறது. பின்னால் மின்ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் ஒட்டி வரும், பயமாக இருக்கிறது.

கியர் ஒயரை இறுக்கினேன், எண்ணெய் போட்டேன். தெருமுனைக் கடையில் புதுச் செயின் மாட்டினார்கள். அப்புறம் இன்னும் மோசம். உற்றுப் பார்த்தால், பின்பக்க ஃப்ரீவீலில் (பின்சக்கரத்தின் பல்வட்டுத் தொகுப்பில்) நடு இரண்டு வட்டுகளின் பற்கள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகியிருக்கின்றன. மற்ற கியர்களில் நழுவல் இல்லை.

ஞாயிறன்று படகில் ஹுவாங்பூ ஆற்றைத் தாண்டி கிழக்கே பூடோங் கரையோரம் ஓட்ட வேண்டும். ஃப்ரீவீலை மட்டும் மாற்றினால் போதுமா, முன் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டுமா?