முட்டைக்கோஸ் பாத்தியில் வேம்

சித்தப்பா: வேம், அதுதான் அந்த வேர்ப் பூஞ்சை உரம், போட்டு 40 நாள் ஆகிறது. மிளகாய் நன்றாக நிற்கிறது. முட்டைக்கோஸ் பாத்தியில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏமாந்துவிட்டேனா?

நான்: முட்டைக்கோஸுக்கா போட்டீர்கள் சித்தப்பா? 🤦 அது கடுகுக் குடும்பம். கடுகு, முள்ளங்கி, காலிஃபிளவர் எதுவும் அந்தப் பூஞ்சையை வேரில் சேர்க்காது. பீட்ரூட்டும் அப்படித்தான்.

சித்தி: அன்றைக்கே சொன்னேன். மீந்துவிட்டது என்று கொண்டுபோய் அங்கே கொட்டினார்.

அண்ணன்: மிளகாய்க்கும் மேலாகத் தூவியதுதானா?

சித்தப்பா: இல்லைப்பா. நாற்றங்காலிலேயே விதைக்குக் கீழே ஒரு படலமாகப் போட்டேன்.

நான்: அதனால்தான் பிடித்திருக்கிறது. வேர் முளைத்து இறங்கும்போதே அதன்மேல் பட வேண்டும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் எளிதில் நகராது. வேரை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பது தீர்ந்தால் அப்புறம் பஞ்சம்தான். பூஞ்சை இழை அதைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் போய் எடுத்து வரும். கூலியாகச் செடியிடம் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும்.

தங்கை: வெங்காயத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளையாக நூல் நூலாக இருக்கிறதே, அதுதானே? 📷

நான்: அது வெங்காயத்தின் வேரேதான் 😄 பூஞ்சையைப் பார்க்க வேரை வேகவைத்து, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். ஆனால் வெங்காயத்துக்குப் போட்டது நல்ல வேலை. வேர்த்தூவி, அதாவது வேரில் இருக்கும் மெல்லிய முடி, மிகக் குறைவான பயிர் அது. இந்தத் துணை இல்லாவிட்டால் தவித்துப்போகும்.

அண்ணன்: கூடவே டிஏபி போடலாமா?

நான்: அளவாக. அந்த உரத்தில் மணிச்சத்து அதிகம். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடியே பூஞ்சையை ஒதுக்கிவிடும். சும்மா கிடைப்பதற்கு யார் கூலி கொடுப்பார்? கார்பெண்டசிம் பூஞ்சைக்கொல்லிக் கரைசலை வேரில் ஊற்றுவதும் கூடாது.

சித்தி: நேற்றுத்தான் வேர் அழுகல் என்று ஊற்றினார்.

நான்: மிளகாய்க்கா?!

சித்தப்பா: ஓரத்தில் 2 வரிசைக்கு மட்டும்.

நான்: சரி, அந்த 2 வரிசையைக் கணக்கில் வைக்காதீர்கள். அடுத்த போகத்துக்கு உழவையும் குறையுங்கள். உழும்போதெல்லாம் இழை அறுந்துபோகிறது. மண்ணைப் பொலபொலவென்று சிறு கட்டிகளாகப் பிடித்து வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

சித்தப்பா: அப்போ முட்டைக்கோஸ் பாத்தியில் போட்டது வீண்தானா?

நான்: அறுவடை முடிந்த கையோடு அங்கே மக்காச்சோளம் ஊன்றுங்கள். உயிரோடு இருக்கும் பூஞ்சை வித்துகள் அதன் வேரைப் பிடித்துக்கொள்ளும்.

சித்தி: பாதிப் பாக்கெட் இன்னும் இருக்கிறது. தகரக் கொட்டகையில், வெயில் விழுகிற மூலையில் வைத்திருக்கிறார்.

நான்: ஐயோ சித்தி, முதலில் அதை நிழலுக்கு எடுங்கள்!