உப்பு ஏற்றும் வண்டியின் பிரேக் குழாய்

ஓட்டும்போது பிரேக் பெடல் திடீரெனக் கீழே போய்விட்டதாக நண்பர் ஒருவர் முன்னர் எழுதியிருந்தார்; எனக்கும் அதுவே நேர்ந்தது. பழுது எங்கே மறைந்திருந்தது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடைய பழைய பிக்கப் வண்டி, ஆண்டின் பெரும்பகுதி வேதாரண்யம் உப்பளங்களிலிருந்து மன்னார்குடிப் பக்கம் உப்பு மூட்டைகளையும், சம்பா அறுவடையின்போது கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டைகளையும் ஏற்றிச் செல்வது. மூட்டையில் கசியும் உப்புநீர் பலகை இடுக்கு வழியாக, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் மேல் சொட்டும். அதன்மேல் வயல் சேறு அப்பிக்கொள்ளும். ஒரு தை மாதம் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு வளைவில் பெடலை மிதித்தபோது, அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி வழி இருந்ததால் முன்பிரேக் மட்டும் பிடித்து, வண்டி வெகுதூரம் ஓடித்தான் நின்றது.

அருகிலிருந்த பட்டறையில், பின்சக்கரங்களுக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் குழாயில் ஓட்டை விழுந்த துண்டை மட்டும் வெட்டியெடுத்து, இடையில் ஓர் இணைப்பை வைத்து முறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அதே குழாய் வேறோரிடத்தில் கசிந்தது. இம்முறை எங்கள் ஊர் மூத்த மெக்கானிக் அண்ணன் குழாயைத் தாங்கும் கிளிப்பைக் கழற்றிக் காட்டினார். வெளியே பளபளப்பாகத் தெரிந்த குழாய், கிளிப்புக்குள் விரல்நக அகலத்துக்குக் கருவேலம்பட்டை போலப் பொரிந்து, நகத்தால் கீறியதும் செதிலாக உதிர்ந்தது. சேறும் உப்பும் அங்கேயே தங்கி, கடற்காற்றின் ஈரத்தை மீண்டும் மீண்டும் வாங்கியிருக்கின்றன. ஒவ்வொரு கிளிப்பின் அடியிலும் அதே நிலைதான்.

ஆகவே பின்பக்கக் குழாய் முழுவதையும் மாற்றினோம். ஏ.சி. வேலைக்கான செம்புக் குழாய் எளிதாக வளையும் என்று ஒருவர் சொன்னார்; தூய செம்பு அதிர்விலும் அழுத்தத்திலும் நாளடைவில் விரிசல் விடும் என்பதால் அண்ணன் அதை ஏற்கவில்லை. 4.75 மில்லிமீட்டர் எஃகுக் குழாயையே வாங்கினோம். பழைய நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை முந்தைய இரவே ஊற்றிவைத்து, மறுநாள் நட்டின் ஆறு முகத்தையும் பற்றும் பானாவால் திருகியதால் முனை மழுங்காமல் வந்தது. புதிய குழாயின் முனையை இரட்டை மடிப்பாக விரிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். பிறகு அது நுழையாது.

குழாய்க்குள் புகுந்த காற்றை எண்ணெயோடு வெளியேற்றும் வேலையை, அதாவது காற்றெடுப்பதை, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கினோம். பின் அச்சில் பாரத்துக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டியானால், ஜாக்கியில் அச்சைத் தொங்கவிடாமல் சக்கரம் தரையில் இருக்கும்போதே காற்றெடுங்கள். தொங்கினால் அந்த வால்வு பின்பக்கத்துக்கு எண்ணெய் சரியாகப் போகவிடாது. எங்களுக்கு அரைநாள் வீணானது இதனால்தான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது என்பதால், திறந்து வைத்திருந்த பழைய டப்பாவை ஒதுக்கிவிட்டுப் புதியதையே ஊற்றினோம்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்ததும் கிளிப்புகளைக் கழற்றி, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைத்து, கிரீஸ் தடவி மாட்டுகிறேன். உப்பு ஏற்றும் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது, பின் அச்சுக்குச் சற்று முன்னால் உள்ள கிளிப்பைத்தான்.