பழைய எக்ஸ்டி கணினியில் வன்தட்டு சுழலவில்லை, எஸ்எம்பிஎஸ் 'டிக்' என்று நின்றுவிடுகிறது: உதவி தேவை

அச்சகத்துமகன்:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் அச்சகம் நடத்திய காலத்தில் பயன்படுத்திய எக்ஸ்டி கணினியை (1980-களின் ஐபிஎம் வகைக் கணினி) பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, இன்று காலை மின்சாரம் கொடுத்தேன். 'டிக்' என்று ஓர் ஒலி வந்தது. விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுவிட்டது. வன்தட்டு சுழலவே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கழற்றி மேசைமேல் வைத்து இயக்கியபோதும் அதே ஒலிதான் வந்தது. ஆகவே எஸ்எம்பிஎஸ் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்திருக்கிறேன். உள்ளே எந்தக் கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்று மாலையே வாங்கிவிடுவேன். தந்தையார் தட்டச்சு செய்து வைத்த எங்கள் ஊர் வரலாற்றுக் குறிப்புகள் அந்த வன்தட்டில் மட்டுமே இருக்கின்றன.

மின்பணியாளர்:
வணக்கம். தாங்கள் எழுதியிருப்பதை வைத்து ஒரு கெப்பாசிட்டரைச் சுட்டிக்காட்ட இயலாது. வன்தட்டின் மாதிரி எண் என்ன? எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்? கணினி கடைசியாக எந்த ஆண்டில் இயங்கியது? மேசைமேல் வைத்துச் சோதித்தபோது அதன் வயர்களில் எதையாவது இணைத்திருந்தீர்களா, அல்லது வெறுமனே இயக்கினீர்களா? மல்டிமீட்டர் இருக்கிறதா?

மிக முக்கியமாக, பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் விசை இருந்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள். 230 வோல்ட் மின்சாரத்தை நேராகத் திருத்தினால் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். விசை 115-இல் இருந்தால் அதே மின்சுற்று மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் அமைப்பாக மாறி, 650 வோல்ட்டை நோக்கி ஏறும்போது உள்ளே இருக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களும் வெடித்துவிடும்.

காந்தத்தூசி:
இது தலை (தட்டில் படித்து எழுதும் முனை) ஒட்டிக்கொண்ட சிக்கல்தான் என்று உறுதியாகச் சொல்வேன். அக்காலத்துச் சிறிய வன்தட்டுகள் பலவற்றில் மின்சாரம் நின்றவுடன் தலைகள் தாமாக ஒதுங்குவதில்லை; பார்க் செய்யும், அதாவது தலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுக்கும், நிரலை இயக்காமல் அணைத்தால், அவை இருந்த இடத்திலேயே தட்டின்மேல் இறங்கி அமர்ந்துவிடும். பல ஆண்டுகள் அப்படியே கிடந்தால் தட்டின் வழவழப்புப் பூச்சில் தலை பற்றிக்கொள்ள, மோட்டாருக்கு அதை விடுவிக்கும் வலு இருப்பதில்லை. வன்தட்டைக் கையில் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு, தட்டு சுழலும் திசையிலேயே மணிக்கட்டால் ஓரிரு முறை சட்டென்று திருப்புங்கள். என்னிடம் வந்த பல வன்தட்டுகள் இப்படித்தான் உயிர் பெற்றன.

பழங்கணினியர்:
தம்பி, இந்தப் பகுதியில் இதே கேள்விக்கு நான் எத்தனையோ முறை விடை எழுதியிருக்கிறேன். கேட்பதற்குமுன் பத்து நிமிடம் ஒதுக்கிப் பழைய இழைகளைப் படித்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. சுமை எதுவும் இல்லாமல் இயக்கினால் அக்காலத்து எஸ்எம்பிஎஸ் நின்றுவிடத்தான் செய்யும். 5 வோல்ட் வெளியீட்டுத் தடத்தில் குறைந்தபட்ச மின்னோட்டம் ஓடினால்தான் அதனால் மின்னழுத்தத்தைச் சீராகப் பிடித்து நிறுத்த முடியும். ஆகவே மேசைமேல் தாங்கள் செய்த சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. தலை ஒட்டிக்கொண்டது என்று சொல்லும் நண்பரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: தட்டு சுழலாமல் போனதற்காகக் கணினியின் விசிறி ஏன் நிற்க வேண்டும்? எஸ்எம்பிஎஸ் மொத்தமாக நின்றிருக்கிறது; காரணத்தை அங்கிருந்து தேட வேண்டும்.

காந்தத்தூசி:
விசிறியைப் பற்றிய தங்கள் கேள்வி நியாயமானது. ஆனாலும் மின்சிக்கல் தீர்ந்த பிறகு தலை ஒட்டியிருப்பது தெரியவந்தால் என் குறிப்பை நினைவில் கொள்ளுங்கள்.

அச்சகத்துமகன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விவரங்களை விட்டுவிட்டேன். வன்தட்டு சீகேட் எஸ்டி-225. எஸ்எம்பிஎஸ்மேல் 130 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. விசை 230-இல் இருக்கிறது. சுமை எதுவும் இணைக்கவில்லை. கடைசியாக இயங்கியது 1998 என்று அம்மா சொல்கிறார். மல்டிமீட்டர் இருக்கிறது.

மின்பணியாளர்:
இப்போது வழி தெரிகிறது. எஸ்டி-225 என்பது 20 மெகாபைட் எம்எஃப்எம் (அக்காலத் தரவுப் பதிவு முறை) வன்தட்டு. தொடங்கும் நேரத்தில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். எக்ஸ்டியின் 130 வாட் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டில் 4.2 ஆம்பியர் வரை கொடுக்கக்கூடியது என்பதால், நல்ல நிலையில் இருக்கும் வன்தட்டு அதை நிறுத்தாது.

தங்களைக் குழப்பியது, எதிரெதிரான இரண்டு காரணங்கள் ஒரே ஒலியைத் தந்ததுதான். சுமையே இல்லாதபோதும் எஸ்எம்பிஎஸ் 'டிக்' என்று நிற்கும். எங்கோ ஷார்ட் ஆகி அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் ஓடும்போதும் தன்னைக் காத்துக்கொள்ள அவ்வாறே நிற்கும். ஆகவே தாய்ப்பலகையை மட்டும் இணைத்து, கார்டுகளையும் வன்தட்டையும் விலக்கிவிட்டு இயக்குங்கள். தாய்ப்பலகைக்கு மின்சாரம் தரும் பி8, பி9 இணைப்பிகளைச் செருகும்போது இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும். இடம் மாற்றிச் செருகினால் தாய்ப்பலகை போய்விடும். எஸ்எம்பிஎஸ் நிலையாக ஓடினால், அணைத்துவிட்டு, வன்தட்டின் நான்கு ஊசி இணைப்பியில் மஞ்சள் வயர் சேரும் ஊசிக்கும் கறுப்பு வயர் சேரும் ஊசிக்கும் இடையே மின்தடையை அளந்து எழுதுங்கள்.

வெள்ளித்திரைவயர்:
இவ்வளவு பாடு எதற்கு? இன்றைய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி, மாற்றி இணைப்பி போட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நாற்பது ஆண்டுப் பழைய கெப்பாசிட்டர்களை நம்பித் தந்தையாரின் கோப்புகளைப் பணயம் வைப்பது சரியன்று.

பழங்கணினியர்:
இன்றைய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் எதிர்மறை 5 வோல்ட் தருவதில்லை என்பது தங்களுக்குத் தெரியுமா? எக்ஸ்டியின் விரிவாக்கத் துளைகளில் (கார்டுகளைச் செருகும் இடங்களில்) அந்த மின்னழுத்தத்துக்கென்றே ஓர் ஊசி இருக்கிறது.

வெள்ளித்திரைவயர்:
தெரியும். அது கட்டாயம் தேவைப்பட்டது முதல் ஐபிஎம் பிசியில் இருந்த 16 கிலோபிட் நினைவகச் சில்லுகளுக்கு. எக்ஸ்டியில் இருப்பவை 5 வோல்ட் மட்டும் போதுமான 64 கிலோபிட் சில்லுகள். எதிர்மறை 5 வோல்ட் வேண்டும் என்று கேட்கும் கார்டுகள் மிகச் சில; வன்தட்டுக் கார்டு அவற்றுள் ஒன்று என்று தாங்கள் காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்.

பழங்கணினியர்:
அதை விட்டுவிடுகிறேன். வேறொன்றைக் கேளுங்கள். வன்தட்டில் ஷார்ட் இருந்தால், பழைய எஸ்எம்பிஎஸ் 'டிக்' என்று நின்று பலகையைக் காப்பாற்றுகிறது. 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் தரக்கூடிய புதிய எஸ்எம்பிஎஸ் அதே ஷார்ட்டுக்குள் மின்னோட்டத்தைக் கொட்டி, பழுதான ஒரு பாகத்தோடு பலகையின் செப்புத் தடத்தையும் எரித்துவிடக்கூடும். பழுதைக் கண்டுபிடிக்காமல் வலுவான எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டாதீர்கள் என்பதே நான் சொல்ல வருவது.

வெள்ளித்திரைவயர்:
இந்த ஒன்றில் தங்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. அளந்து பார்த்த பிறகு மாற்றலாம் என்று என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

கோவைக்கம்பி:
எங்கள் பட்டறையில் சந்தேகமான எந்தப் பொருளையும் முதலில் 100 வாட் சீரீஸ் பல்பு (மின்பாதையில் தொடராக இணைத்த பல்பு) வழியாகத்தான் இயக்குவோம். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும்.

மின்பணியாளர்:
எஸ்எம்பிஎஸ்ஸின் முதல் பாகத்தில், அதாவது டையோடுகளிலோ டிரான்சிஸ்டரிலோ, ஷார்ட் இருந்தால் தாங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் சுமையோடு இயக்கும்போது பல்பு மின்னழுத்தத்தைப் பிடித்துக்கொள்வதால், நல்ல எஸ்எம்பிஎஸ்கூடத் தொடங்க இயலாமல் 'டிக் டிக்' என்று ஒலிக்கக்கூடும். இந்த இழையில் ஏற்கெனவே அந்த ஒலிக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. மூன்றாவதைச் சேர்க்க வேண்டாம்.

அச்சகத்துமகன்:
தாய்ப்பலகையுடன் மட்டும் இயக்கினேன். விசிறி நிற்காமல் ஓடுகிறது. வன்தட்டின் மஞ்சள், கறுப்பு ஊசிகளுக்கிடையே 1.4 ஓம், சிவப்பு, கறுப்பு ஊசிகளுக்கிடையே 300-க்கும் மேல்.

மின்பணியாளர்:
பழுது வன்தட்டின் பலகையில், 12 வோல்ட் தடத்தில் இருக்கிறது. மின் இணைப்பிக்கு அருகில் நீர்த்துளி வடிவில், மஞ்சள் அல்லது நீல நிறத்தில் சிறிய டான்டலம் கெப்பாசிட்டர் இருக்கும். 12 வோல்ட் தடத்தில் 16 வோல்ட் தாங்கும் டான்டலத்தை வைத்தது அக்கால வழக்கம். நீண்ட நாள் கிடந்துவிட்டு மீண்டும் மின்சாரம் பாயும்போது ஷார்ட் ஆவது அதன் இயல்பு. அதன் ஒரு காலைச் சால்டரிங் அயர்ன் கொண்டு விடுவித்து மீண்டும் அளந்து பாருங்கள். மின்தடை உயர்ந்துவிட்டால் குற்றவாளி அதுதான். புதியதைப் போடும்போது அதே மைக்ரோஃபாரட், ஆனால் 25 அல்லது 35 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள். கூட்டல் குறியிட்ட காலை மாற்றிப் பொருத்தினால் அது தீப்பற்றும். தட்டுகள் இருக்கும் மூடிய பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

(மூன்று நாட்களாகப் பதில் இல்லை.)

காந்தத்தூசி:
அச்சகத்துமகன் நண்பரே, என்ன ஆயிற்று? தட்டு சுழன்றதா?

அச்சகத்துமகன்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். அந்த டான்டலம்தான். மாற்றியவுடன் தட்டு சுழன்றது, கிறீச்சென்ற ஒலியும் வருகிறது. ஆனால் திரையில் 1701 என்று வருகிறது. லோ லெவல் ஃபார்மட் செய்தால் சரியாகும் என்று கடையில் ஒருவர் சொன்னார். செய்யலாமா?

பழங்கணினியர்:
வேண்டவே வேண்டாம்! அது தட்டிலுள்ள செக்டார்களை (தரவு எழுதப்படும் சிறு பகுதிகளை) அடியோடு புதிதாக எழுதும். தந்தையாரின் ஒரு வரிகூட மிஞ்சாது. இந்த வன்தட்டில் தலையை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். தட்டில் தரவு எழுதப்பட்ட தடம் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ளும் வழி அதற்கு இல்லை. உலோகம் குளிர்ந்திருக்கும்போது தலை தடத்திலிருந்து சற்று விலகி நிற்கும். அரை மணி நேரம் சுழலவிட்டு, சூடேறிய பிறகு கணினியை மீண்டும் தொடங்குங்கள். 1701 என்பது வன்தட்டுக் கார்டின் தொடக்கச் சோதனை தவறியதை மட்டுமே குறிக்கிறது. கோப்புகள் அழிந்துவிட்டதாகப் பொருளன்று. அகலமான 34 ஊசி, குறுகிய 20 ஊசிக் கேபிள்கள் இரண்டையும் கழற்றித் தொடர்பு முனைகளைத் துடைத்து மாட்டுங்கள்.

மின்பணியாளர்:
கிறீச்சொலிக்குக் காரணம், சுழலும் அச்சின் நுனியில் உரசி நிலைமின்னைக் கடத்தும் சிறிய உலோகப் பட்டையாக இருக்கலாம். அதற்கு இப்போது அஞ்ச வேண்டாம். கணினி தொடங்கினால், முதலில் குறிப்புகள் உள்ள கோப்புகளை ஃப்ளாப்பிக்கு நகலெடுங்கள், மற்றவை பிறகு வரட்டும். தொடங்கவில்லையென்றால், எம்எஃப்எம் வன்தட்டின் காந்த மாற்றங்களை அப்படியே படித்து உருவக்கோப்பாகச் சேமிக்கும் பலகைகள் இருக்கின்றன. அதுவரை எதையும் எழுதாமல் இருங்கள்.

அச்சகத்துமகன்:
நாற்பது நிமிடம் ஓடவிட்டேன். சி டிரைவ் திறந்தது. ஃப்ளாப்பிக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

கோவைக்கம்பி:
மிக்க மகிழ்ச்சி. நகலெடுத்து முடிந்ததும் பார்க் செய்துவிட்டு அணையுங்கள்.

பழங்கணினியர்:
அந்த டான்டலம் எத்தனை மைக்ரோஃபாரட் என்றும், பலகையில் அதன் அருகே அச்சிட்டிருந்த எண் என்ன என்றும் எழுதிவிடுங்கள். இதே வன்தட்டுடன் அடுத்து வருபவருக்கு அது வேண்டியிருக்கும்.

காந்தத்தூசி:
இரண்டு வாரங்கள் ஆகின்றன. எண்ணைப் பார்த்தீர்களா?