தானியங்கி பீரங்கியா, ஊர்திப் பீரங்கியா?

வணக்கம். ஆங்கிலத்தில் 'self-propelled' எனப்படும், தானே ஓடும் பீரங்கி வகைக்குத் தமிழில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. நம் ராணுவத்தின் கே-9 வஜ்ரா அந்த வகை. அதற்கு 'தானியங்கி பீரங்கி' என்று எழுதலாம் எனச் சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தானியங்கி என்றதும் ஆள் இல்லாமல் தானே குறிபார்த்துச் சுடும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். வஜ்ராவுக்குள் ஐந்து வீரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அது தானே நகர்கிறது, அவ்வளவுதான்.

சிலர் சொல்லும் 'தானுந்து பீரங்கி' கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் போஃபர்ஸை என்ன செய்வது? 1986 ஒப்பந்தத்தில் வந்த அந்த ஸ்வீடன் பீரங்கியை லாரிதான் இழுத்துப் போகும். ஆனாலும் அதில் ஒரு சிறு எஞ்சின் உண்டு. சுட்ட இடத்திலிருந்து கொஞ்ச தூரம் தானே உருண்டு விலகிவிடும். தானே உந்துவதுதான் அளவுகோல் என்றால் போஃபர்ஸும் அந்தக் கணக்கில் வந்துவிடும். ராணுவத்தில் யாரும் அப்படி வகைப்படுத்துவதில்லை.

அதனால் என் பரிந்துரை 'ஊர்திப் பீரங்கி'. ஊர்தியின் மேலேயே பொருத்தப்பட்ட பீரங்கி. சங்கிலிப் பட்டையில் ஓடினாலும் டயரில் ஓடினாலும் பொருந்தும். இழுத்துச் செல்வது 'இழுவைப் பீரங்கி': போஃபர்ஸ், ஜபல்பூரில் செய்யும் தனுஷ், ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுத் தூக்கிப் போகும் எம்-777 எல்லாம் இதில் அடங்கும்.

இந்தப் பிரிவினை வெறும் பெயர் விவகாரம் அல்ல. இன்று ஒரு குண்டு பறக்கும் பாதையை ரேடார் பிடித்து, அது கிளம்பிய இடத்தைக் கணக்கிட்டுவிடுகிறது. பதிலடி வருவதற்குள் இடம் மாற வேண்டும். இழுவைப் பீரங்கியின் கால்களை மடக்கி, லாரியில் கோத்துக் கிளம்ப நேரமாகும். ஊர்திப் பீரங்கி சுட்ட கையோடு ஓடிவிடும்.

'அப்படியென்றால் டாங்கியும் ஊர்திப் பீரங்கிதானே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், நம் செய்தித்தாள்களே டாங்கியைப் பீரங்கி என்று எழுதிக் குழப்பி வைத்திருக்கின்றன. சென்னையை அடுத்த ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையே நல்ல உதாரணம். அங்கே உருவான விஜயந்தா டாங்கியின் உடலில், சோவியத் 130 மி.மீ. பீரங்கியை ஏற்றி 'கேட்டபல்ட்' செய்தார்கள். கீழே டாங்கியின் உடல், மேலே செய்வது பீரங்கியின் வேலை. டாங்கி எதிரில் தெரிவதை நேராகச் சுடும். கேட்டபல்ட் போன்ற பீரங்கி, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதை வளைவாக எறிந்து அடிக்கும். ஆக, டாங்கிக்கு டாங்கி என்றே எழுதுவோம்.

பீரங்கிக்குப் பதிலாகச் சிலர் சொல்லும் 'சேணேவி' அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் 'ஏவி' என்றால் ஏவுகணைதான் நினைவுக்கு வருகிறது. பினாகா ராக்கெட்டுகளையும் சேர்த்துப் பீரங்கிப் படைப்பிரிவு முழுவதையும் குறிக்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். தனி ஆயுதத்துக்குப் பீரங்கி போதும். அது பரங்கியர் வழியாக வந்த சொல் என்பதற்காக ஒதுக்கினால், சென்னை ராஜதானியின் பீரங்கிப்படை முகாமிட்டிருந்த பரங்கிமலைக்கும் வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்!

இன்னொன்று, 'காலிபர்'. இது இரண்டு பொருளில் வருவதால் மொழிபெயர்ப்பில் அடிக்கடி தடுக்கி விழுகிறோம். வஜ்ராவை '155 மி.மீ., 52 காலிபர்' என்பார்கள். முதலாவது குழலின் உள்விட்டம். இரண்டாவது, குழலின் நீளம் அந்த விட்டத்தைப்போல் 52 மடங்கு என்பது. அதாவது ஏறக்குறைய 8 மீட்டர். போஃபர்ஸ் 39 மடங்கு, சுமார் 6 மீட்டர். முதலாவதுக்கு 'குழல் விட்டம்', இரண்டாவதுக்கு 'குழல் மடங்கு' என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது.

பல ராக்கெட்டுகளை அடுத்தடுத்து ஏவும் வகைக்கு ஈழத்தமிழர் புழங்கும் 'பல்குழல்' இருக்கும்போது புதிதாக எதுவும் வேண்டாம். குண்டை உயர வளைவாக எறியும் ஹோவிட்சர் வகைக்கு மட்டும் எனக்கு இன்னும் எதுவும் பிடிபடவில்லை. 'வளையெறி பீரங்கி' என்று ஒன்று தோன்றியது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பூமராங் மாதிரி இருக்கிறது. யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் சொல்லுங்கள், அதுவரை ஹோவிட்சர் என்றே எழுதுகிறேன்.