ஓர்கனுக்குள் இருந்து சிவப்பாக ஏதோ வடிகிறது, என்னவாக இருக்கும்?

பாடற்குழு அக்கா:

வணக்கம். யாழ்ப்பாணம் குருநகரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பங்குப் பாடற்குழுவுக்கு ஓர்கன் வாசிப்பவள் நான். 61 கட்டை உள்ள சின்தசைசர், 1990களில் ஜப்பானில் செய்தது. கனடாவில் இருந்த என் அண்ணா 2003இல், ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், கொழும்புக்கு அனுப்பி அங்கிருந்து லொறியில் ஏற்றுவித்தார். முகமாலைச் சோதனைச்சாவடியில் பெட்டியைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். அண்ணா இப்போது உயிரோடு இல்லை. அதனால் "புதுசு ஒன்றை வாங்குங்கோ" என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

பங்குனி வெயில் தொடங்கியபோது வெள்ளைக் கட்டைகளின் முன்விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. துடைத்துவிட்டேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் தாங்கியின் இரும்புக் காலில் ஒரு துளி தொங்குகிறது. தேனை விடக் கெட்டி. விரலில் பட்டால் சவர்க்காரம் போட்டாலும் இலேசில் போகாது.

என் மருமகனுக்கு ஒன்பது வயது. அவன்தான் சிவப்புச் சோடாவை ஊற்றிவிட்டான் என்று நினைத்து நன்றாக ஏசிவிட்டேன். இல்லை என்று அழுதான், நான் நம்பவில்லை. பிறகுதான் யோசித்தேன்: இரவு முழுக்க அந்தத் துளி கிடந்தும் ஓர் எறும்புகூட வரவில்லை. எங்கள் வீட்டில் கொஞ்சம் சீனி சிந்தினால் காணும், அரைமணியில் வரிசை கட்டிவிடும். கூரையில் ஒழுக்கு இல்லை, மழையும் இல்லை. பற்றரி போடும் அறையும் இந்த ஓர்கனில் கிடையாது.

இன்னொன்று. நடுவில் உள்ள எஃப், ஜி கட்டைகள் சில நேரம் ஊமை. சில நேரம் மெல்லத் தொட்டாலே அலறுகின்றன. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

குருத்து ஞாயிறுக்கு மூன்று கிழமை இருக்கிறது. பெரிய வியாழன் இரவோடு ஓர்கன் மௌனமாகிவிடும். பாஸ்கா இரவில் "உன்னதங்களிலே" தொடங்கும்போது அது முழுக் குரலில் ஒலிக்க வேண்டும். அதற்குள் சரிப்படுத்தலாமா?

ஈயம்பற்று:

அக்கா, முதல் வேலையாகப் பிளக்கைக் கழற்றுங்கோ. பழைய சாமான் என்றதும் எனக்குக் கப்பாசிற்றர்தான் (பலகையில் மின்னைத் தேக்கிவைக்கும் சின்ன உறுப்பு) நினைவுக்கு வந்தது. ஆனால் அது கசிந்தால் சில துளிதான் வரும், பலகையிலேயே கிடந்து செம்பை அரிக்கும், பெரும்பாலும் மீன் மணமும் அடிக்கும். தாங்கிக்கால் வரை வடிகிற அளவு அதில் நீர்மமே இல்லை. வடிவது கட்டைகளின் கீழிருந்தா, பின்பக்கப் பலகைகளில் இருந்தா என்று பாருங்கோ.

பாடற்குழு அக்கா:

கட்டைகளின் கீழிருந்துதான் தம்பி. டோர்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்கம் காய்ந்தே இருக்கிறது. மீன் மணம் இல்லை, பழைய பெயின்ற் மாதிரி ஒரு மணம்.

சுன்னாகம் வேர்க்ஷொப்:

அப்படியென்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. அது பசை.

உங்கள் ஓர்கனின் கட்டைகள் கீழ்ப்பக்கம் குழியாக இருக்கும். விரலுக்குப் பாரம் தெரிவதற்காக அந்தக் குழிக்குள் இரும்புத் துண்டு வைத்து, சிவப்பு எபொக்சிப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்தக் காலத்துச் சில மாதிரிகளில் அந்தப் பசை வருடங்கள் போகப் போக மீண்டும் இளகிவிடுகிறது. வெயில் ஏற ஏற ஓடத் தொடங்கும். ஐரோப்பாவில் குளிர் வீட்டில் இருந்தவற்றுக்கே இது வந்திருக்கிறது. எங்கள் ஊர்த் தகரக் கூரைக்குக் கீழே கேட்கவா வேண்டும்? மருமகன் மேல் பிழையே இல்லை.

எஃப், ஜி கதையும் இதுதான். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே றப்பரில் இரண்டு கரித் தொடுகைகள் உண்டு. முதலாவது தொட்டு இரண்டாவது தொடும் வரை எவ்வளவு நேரம் போகிறது என்பதை வைத்துத்தான் நீங்கள் மெல்ல அடித்தீர்களா, பலமாக அடித்தீர்களா என்று ஓர்கன் கணிக்கிறது. அதில் பசை இறங்கினால் கணக்குக் குழம்பும். அதுதான் ஒன்றில் ஊமை, இல்லையென்றால் அலறல்.

இன்றே வாசிப்பதை நிறுத்துங்கோ. ஓர்கனை மட்டமாகக் கிடத்தி வையுங்கோ. சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்தால் பசை இன்னும் உள்ளே ஓடி எல்லாக் கட்டையையும் பிடிக்கும். இந்தப் பிழையை நிறையப் பேர் விடுகிறார்கள்.

பிறகு கட்டைகளைக் கழற்ற வேண்டும். கழற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தில் இருந்தும் படம் எடுங்கோ. ஸ்பிரிங் துள்ளி ஓடும், பழைய பெற்சீற் ஒன்றை விரித்துவிட்டு இருங்கோ. தின்னர், பெற்றோல் பக்கமே போக வேண்டாம், பிளாஸ்ரிக்கைத் தின்றுவிடும். நான் கொஸ்ரிக் சோடாக் கரைசலில் ஒரு நாள் ஊறவைப்பேன். பசை விட்டுக் கழரும். கழுவி, வடிவாகக் காயவிட்டு, இரும்புகளைப் புது எபொக்சியால் ஒட்டுங்கோ. இரண்டு குழாயும் சம அளவு, நன்றாகக் கலக்க வேண்டும். தொடுகைப் பலகைக்குச் சோடா கூடாது, ஐசோபுரொபைல் அற்ககோலும் பஞ்சும் போதும். கரிப் பொட்டைச் சுரண்ட வேண்டாம்.

மட்டக்களப்பு இரசாயன ரீச்சர்:

அண்ணை சொன்ன முறை சரி, ஆனால் கொஸ்ரிக் சோடாவை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அது சோடியம் ஐதரொட்சைட்டு. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடியும் நீளமான றப்பர்க் கையுறையும் கட்டாயம். தண்ணீரை முதலில் எடுத்து, அதற்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கோ. மாறிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். தண்ணீர் தானாகவே சூடாகும், பயப்பட வேண்டாம். வீட்டில் உள்ள அலுமினியச் சட்டியை எடுத்துவிடாதேங்கோ. சோடா அதை அரித்து ஐதரசன் வாயு வரும், அது தீப்பற்றக்கூடியது. பிளாஸ்ரிக் வாளி நல்லது. முற்றத்தில் வைத்து, பிள்ளைகளும் நாய் பூனையும் வராமல் மூடிவையுங்கோ. தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பாடற்குழு அக்கா:

எல்லோருக்கும் நன்றி. பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன்.

முதலில் மருமகனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவன்தான் படம் எடுத்தான், ஸ்பிரிங்குகளை எண்ணி ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டான். சோடா வேலைக்கு மட்டும் அவனைக் கிட்ட விடவில்லை. 36 வெள்ளை, 25 கறுப்பு, எல்லாம் கழன்று வந்தன. சில கட்டைகளில் பசை இன்னும் கல்லுப் போல இருந்தது, சிலதில் சீனிப்பாணி மாதிரி. ஏன் இந்த வித்தியாசம் என்று தெரியவில்லை. மறுநாள் காலை வாளியைத் திறந்தால் தண்ணீர் செம்பருத்திச் சாயம்.

ஒட்டுவதற்குத்தான் நாள் போனது. ஒரே நாளில் பன்னிரண்டுக்கு மேல் ஒட்ட எனக்குப் பொறுமை இல்லை.

இப்போது எஃப் சரி. ஜி மட்டும் பத்துத் தரத்தில் ஒரு தரம் பேச மறுக்கிறது.

சுன்னாகம் வேர்க்ஷொப்:

அந்த இடத்து றப்பர்ப் பட்டியையும் ஆகக் கீழ்ப்பக்கத்துப் பட்டியையும் பார்த்து, நீளமும் துளைகளும் ஒரேமாதிரி இருந்தால் மாற்றிப் போடுங்கோ. ஆகக் கீழே நீங்கள் குறைவாகத்தானே வாசிப்பீர்கள்.

பாடற்குழு அக்கா:

ஒரேமாதிரித்தான் இருந்தது அண்ணை. மாற்றிவிட்டேன். ஜி பேசுகிறது. இன்று மாலை பாடற்குழுப் பிள்ளைகள் வருகிறார்கள், குருத்து ஞாயிறுப் பாட்டுப் பழக.