திருமலையிலிருந்து (திருகோணமலை) லண்டன் வந்து டேட்டா அட்மின் வேலை தொடங்குறவங்களுக்கு

கேள்வி: அண்ணாமார், அக்காமார், திங்கட்கிழமை டேட்டா அட்மின் வேலை தொடங்குது. எக்செல் தெரியும். எங்க பிழை வரும்?

பதில் 1: தம்பி, ஃபார்முலாவில பிழை வாறது குறைவு. ஃபைலைத் திறக்கிற இடத்திலதான் கூட. சிஸ்டத்திலிருந்து இறக்கின சிஎஸ்வியை (காற்புள்ளியால பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) டபுள் கிளிக் பண்ணினால் எக்செல் தன் விருப்பத்துக்கு எண்ணை மாத்தும். 026இல தொடங்கிற நம்ம திருமலை லைன் நம்பரும் சரி, இங்கத்தை 07 மொபைல் நம்பரும் சரி, முன்னுக்கு நிக்கிற சைபர் பறந்திடும். 16 இலக்க எண் இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கம்தான் தாங்கும், கடைசி இலக்கம் சைபராயிடும். சேவ் பண்ணியாச்சென்றால் அந்த ஃபைலில பழைய எண் இல்லை.

புது வொர்க்புக் திறந்து, டேட்டா டேப்பில ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’, பிறகு ‘ட்ரான்ஸ்ஃபோர்ம் டேட்டா’. எண் இருக்கிற நிரலை (மேலிருந்து கீழா வாற கொலம்) ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்க. ஒரு பெட்டி வந்து கேட்கும்: ‘ரிப்ளேஸ் கரண்ட்’ என்பதை அழுத்துங்க. ‘அட் நியூ ஸ்டெப்’ அழுத்தினால் சைபர் போனதுக்குப் பிறகுதான் டெக்ஸ்ட் ஆகும்.

திகதியும் இப்படித்தான். 03/04 இங்க ஏப்ரல் 3, அமெரிக்க செட்டிங்கில மார்ச் 4. நாள் 12க்கு மேல போனால் திகதியாகவே எடுபடாமல் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிக்கும். ஒரே நிரலில பாதி இடம், பாதி வலம் என்றால் உடனே சந்தேகப்படுங்க. ‘யூசிங் லொகேல்’ கொடுத்து மாத்தலாம்.

பதில் 2: பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில ஒருக்காலும் சேமிக்காதீங்க. 65,536 நிரைக்கு (குறுக்கு வரிசை) மேல அது கொள்ளாது. 2020இல இங்கிலாந்தில 15,841 கொரோனா தொற்றாளர் கணக்கில விடுபட்டது இதாலதான்.

பட்டியலில தேடித் தாற எக்ஸ்லுக்அப் ஃபார்முலா கண்ணுக்குத் தெரியிற பெயரையே ‘இல்லை’ என்றால், வெப்பிலிருந்து ஒட்டி வந்த, சாதாரண இடைவெளி மாதிரியே தெரியிற 160ஆம் இலக்க எழுத்தாக இருக்கும். மிச்ச இடைவெளியை நீக்கிற டிரிம் அதைத் தொடாது. முதல்ல ஒரு எழுத்துக்குப் பதில் வேறொன்றைப் போடுற சப்ஸ்டிட்யூட்டால சாதாரண இடைவெளியாக்கி, பிறகு டிரிம்.

மூல ஃபைலில கை வைக்காதீங்க. ஊரில கச்சேரி (அரசாங்க அலுவலகம்) பதிவேட்டில வெட்டித் திருத்தினால் பக்கத்தில சின்னக் கையொப்பம் வைக்கிற மாதிரி, மாத்தினதைத் தனி நிரலில, ஏன் என்றும் எழுதி வையுங்க.

ஆட்களின் விபரம் பிழையான ஈமெயிலுக்குப் போனால் அந்த நிமிஷமே மேலாளருக்குச் சொல்லுங்க. பாதிப்பு வரக்கூடியதென்றால் தெரிய வந்து 72 மணித்தியாலத்துக்குள்ள நிறுவனம் ஐசிஓவுக்கு (இங்கத்தை தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கிற அமைப்பு) அறிவிக்க வேணும். வெள்ளி பின்னேரம் தொடங்கின கணக்கு சனி, ஞாயிறுக்கு நிக்காது.